உழைச்செல்வானுக்கு உரியது என்ன?

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என வகுத்தவர் வள்ளுவப் பெருந்தகை. நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து பேணும் உழைச்செல்வான் என்னும் இந்நான்கும் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் நிரல்பட நிற்கின்றன. உரை வகுத்த பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றுக்கும் நந்நான்கு இயல்புகளைக் காட்டினார். நோயாளியிடத்து அன்புடைமை, மனமொழி மெய்கள் தூயவாதல், சொல்லியவற்றைச் சொன்னவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவுடைமை என்பன உழைச்செல்வானுக்கு அவர் வகுத்த நான்கு. தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக மாணவர்க்கு இவற்றைக் கற்பித்து வருகின்றனர்.

ஆயினும் அப்பட்டியலில் ஒன்று இல்லை. உழைச்செல்வான் நோயாளிக்குச் செய்ய வேண்டியவை அனைத்தும் சொல்லப்பட்டன. உழைச்செல்வானுக்குப் பிறர் செய்ய வேண்டியது எது என்பது சொல்லப்படவில்லை. இது உரையாசிரியரின் குறையன்று. ஊதியமும் பணிநேரமும் ஒப்பந்தமும் இல்லாத காலத்தில், உறவினரோ மாணாக்கரோ நோயாளியின் அருகிருந்த காலத்தில், அவ்வினா எழுந்திருக்க இடமில்லை. ஆனால் இன்று உழைச்செல்வான் ஒரு தொழிலாளி. பெரும்பாலும் ஒரு பெண். அவளுக்கு உரியது என்ன என்ற வினா இன்றும் எழவில்லையெனில், அக்குறையைக் காலத்தின் மீது சுமத்த இயலாது.

கோவிட்-19 பெருந்தொற்று அவ்வினாவைத் தமிழ்ச் சமுதாயத்தின் வாயிற்படியிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. விடையாகக் கிடைத்தவை கைதட்டலும் கவிதையும் 'தியாகச் சுடர்' என்னும் பட்டமுமே. இவை போதா என்பதும், இவற்றைப் போதும் என்று எண்ண மாணவரைப் பழக்குவது தீங்கு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அடைபட்ட நாடும் திறந்திருந்த கதவும்

2020ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் மலேசியாவில் முதல் கோவிட்-19 நோயாளிகள் கண்டறியப்பட்டனர். மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடின, கோயில்கள் மூடின, சாலைகளில் காவற்சாவடிகள் எழுந்தன. வீட்டில் இருப்பதே கடமை என்று நாட்டு மக்கள் அனைவருக்கும் சொல்லப்பட்ட அந்நாளில், வீட்டை விட்டுச் செல்வதே கடமை என்று ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் சொல்லப்பட்டது. மருத்துவர், தாதியர், மருத்துவ உதவியாளர், ஆய்வுக்கூடப் பணியாளர், நோயாளர் ஊர்தி ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரே அக்கூட்டத்தார்.

அவ்வாண்டினை உலகச் சுகாதார நிறுவனம் தாதியர், மருத்துவச்சியர் ஆண்டாக முன்னரே அறிவித்திருந்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவுறுவதை ஒட்டிய அறிவிப்பு அது. விழா எடுக்க வேண்டிய ஆண்டு, உயிர் கொடுக்க வேண்டிய ஆண்டாக மாறியது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் ஏறத்தாழ 1,15,000 சுகாதாரப் பணியாளர்கள் இத்தொற்றால் மாண்டிருக்கக்கூடும் என்று அதே நிறுவனம் பின்னர் மதிப்பிட்டது.

சிலாங்கூரின் வடபுலத்தில் தஞ்சோங் காராங்கிலும் கோலகுபு பாருவிலும் மாவட்ட மருத்துவமனைகள் உள்ளன. கோவிட் நோயாளரை ஏற்கும் முதன்மை மருத்துவமனையாக அமைந்தது சுங்கை பூலோ மருத்துவமனை. கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, பத்தாங் காலி, அம்பாங் பெச்சா என இப்பகுதிகளில் முன்பு தோட்டத்து லயங்களில் வாழ்ந்து, பின்னர் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல. பால் வெட்டிய தாயின் மகள் தாதியாவது அக்குடும்பங்களின் பெருங்கனவுகளுள் ஒன்று. வெள்ளைச் சீருடை அணிந்த மகள் அத்தெருவின் பெருமை. தொற்றுக் காலத்தில் அதே சீருடை அத்தெருவின் அச்சமாயிற்று.

அந்நாள்களில் அப்பெண்களின் வாழ்வு எவ்வாறிருந்தது என்பது மறைபொருளன்று. பாதுகாப்புக் கவச உடையைப் புகுந்தபின் மணிக்கணக்கில் நீரருந்தவோ கழிப்பறை செல்லவோ இயலாது. மூச்சுத் திணறும் நோயாளியின் கையில் கைப்பேசியைப் பிடித்துக் கொடுத்து, வீட்டாரின் முகத்தைக் கடைசி முறையாகக் காட்டியவர்கள் அவர்கள். பணி முடிந்து வந்தால் வாசலிலேயே உடை மாற்றிக் குளித்த பின்னரே உள்ளே நுழைவர். பெற்ற பிள்ளையைக் கதவுக்கு அப்பாலிருந்து பார்த்தவர் பலர். முதிய பெற்றோருக்குத் தொற்று ஏறிவிடுமோ என்று அஞ்சி வாரக்கணக்கில் வேறிடத்தில் தங்கியவர் பலர். மறுநாள் காலை மீண்டும் அதே உடை, அதே வார்டு, அதே ஒலி.

2021ஆம் ஆண்டின் நடுவில் நிலை மேலும் கடுமையாயிற்று. ஜூன் 1ஆம் நாள் நாடு முழுவதும் மீண்டும் முழுமையாக முடக்கப்பட்டது. ஜூலையில் சிலாங்கூரின் பெரும்பாலான முக்கிம்களில் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பசித்தவர் வீட்டின் முன் வெள்ளைக் கொடி கட்டி உதவி கேட்ட காலம் அது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் கட்டில் போதாமல் நோயாளர் காத்துக் கிடந்ததை நாடே செய்திகளில் கண்டது. ஆகஸ்ட் 26ஆம் நாள் ஒரே நாளில் 24,599 புதிய தொற்றுகள் பதிவாயின. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கட்டில்; ஒவ்வொரு கட்டிலுக்கு அருகிலும் ஓர் உழைச்செல்வான். கட்டில்களைச் சில நாள்களில் கூட்டிவிடலாம். உழைச்செல்வானை அவ்வாறு கூட்ட முடியாது. ஆகவே இருந்த கைகளே இரட்டைச் சுமை சுமந்தன.

கைதட்டலின் விலை

நன்றி காட்ட உலகம் கண்ட வழி கைதட்டல். 2020 மார்ச் 22ஆம் நாள் மாலை இந்தியாவில் மக்கள் வாசலிலும் மாடத்திலும் நின்று கைதட்டினர், தட்டுகளை ஒலித்தனர். மார்ச் 26ஆம் நாள் தொடங்கிப் பத்து வாரங்கள், வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்குப் பிரிட்டன் மக்கள் கைதட்டினர். உள்ளத்தில் எழுந்த நன்றியை எவரும் இகழ வேண்டியதில்லை. ஆனால் அந்நன்றி எத்துணை நாள் நின்றது?

சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கோவிட் தொற்றால் 2020 ஏப்ரல் 19ஆம் நாள் மறைந்தார். அவருடைய உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டமொன்று தடுத்தது; உடலைக் கொண்டுசென்ற ஊர்தி தாக்கப்பட்டது; உடனிருந்தோர் காயமுற்றனர். இறுதியில் நள்ளிரவில், உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியதாயிற்று. தட்டுகள் ஒலித்த நாளுக்கும் கற்கள் பறந்த நாளுக்கும் இடையே இருபத்தெட்டே நாள்கள். பிரிட்டனிலோ, பத்து வாரம் கைதட்டிய நாட்டின் அரசு, 2021 மார்ச்சில் தாதியர்க்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் ஊதிய உயர்வைப் பரிந்துரைத்தது; எதிர்ப்பு எழுந்த பின்னரே அது கூடியது.

மலேசியாவின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மருத்துவப் பணியாளருக்கான சிறப்புப் படி 2020ஆம் ஆண்டில் மாதம் 400 ரிங்கிட்டிலிருந்து 600 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அது நற்செயல், மறுப்பதற்கில்லை. ஆனால் படி என்பது நெருக்கடியோடு வந்து நெருக்கடியோடு போவது. பணியின் உறுதி வேறு.

2016ஆம் ஆண்டின் இறுதியில் அரசு மருத்துவர் நியமனத்தில் ஒப்பந்த முறை புகுத்தப்பட்டது. அதன் பின் 2021 வரை ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்ட மருத்துவ அதிகாரிகள் 23,000 பேருக்கும் மேல். அவர்களுள் நிரந்தரப் பணி பெற்றவர் 789 பேர் மட்டுமே. தொற்றுக்கு எதிரே முன்வரிசையில் நிறுத்தப்பட்ட இளம் மருத்துவர்களுக்குத் தங்கள் ஒப்பந்தம் முடிந்தபின் வேலை உண்டா, மேற்படிப்பு உண்டா என்பது தெரியாது. 2021 ஜூலை 23ஆம் நாள் ஒப்பந்த நீட்டிப்பை அரசு அறிவித்தது. நீட்டிப்பு என்பது நிரந்தரம் அன்று என்று கூறி, ஜூலை 26ஆம் நாள் முற்பகல் 11 மணிக்கு நாடெங்கும் ஒப்பந்த மருத்துவர்கள் சற்று நேரம் வார்டுகளை விட்டு வெளியே வந்து நின்றனர். கருப்பு உடையும் கைப்பதாகையுமே அவர்களின் படைக்கலம். நோயாளரை உடன் பணிபுரிவோரின் பொறுப்பில் ஒப்படைத்த பின்னரே அவர்கள் வந்தனர். அவ்வாறிருந்தும் அவர்களுட் சிலர் காவல்துறையின் விசாரணைக்கு உள்ளாயினர். 'வீரர்' என்று அழைக்கப்பட்டவர் உரிமை கேட்ட அன்றே 'ஒழுங்கு மீறியவர்' ஆயினர் என்பதை ஓர்க.

துப்புரவுப் பணியாளரின் கதை இதனினும் துயருடையது. மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை முதலிய பணிகள் 1990களின் பிற்பகுதியிலேயே தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அன்றிலிருந்து மருத்துவமனையின் தரையைத் துடைக்கும் கை மருத்துவமனையின் பணியாள் அன்று. ஒப்பந்த நிறுவனத்தின் பணியாள். தொற்று வார்டின் கழிவை அள்ளியவர்களும் இவர்களே. 2020 ஜூன் 2ஆம் நாள் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வெளியே, துப்புரவுப் பணியாளரின் குறைகளை முன்வைத்து அமைதியாக மறியல் செய்த தொழிற்சங்கத்தினர் ஐவர் கைது செய்யப்பட்டனர். கட்டுப்பாட்டு ஆணையை மீறிக் கூடினர் என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. கூட்டமாக நின்று தரை துடைக்கலாம். கூட்டமாக நின்று குறை சொல்லலாகாது என்பதே இதன் பொருளோ?

தோட்டம் கற்பித்த பாடம்

தோட்ட வரலாறு அறிந்தோர்க்கு இவையெல்லாம் புதியன அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர்க் கடற்கரைத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளரைக் கொன்றது. 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு வந்த அரசு மருத்துவர் மல்கம் வாட்சன், கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என 1897இல் ரொனால்டு ராஸ் கண்ட உண்மையைப் பற்றிக்கொண்டு, கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்தார். நோயும் இறப்பும் வெகுவாகக் குறைந்தன. அவ்வாண்டுதான் திறக்கப்பட்டுக் காய்ச்சலால் மூடப்படும் நிலைக்கு வந்திருந்த துறைமுகம் பிழைத்தது. பின்னர்த் தோட்டங்களிலும் அம்முறை பரவியது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. மலேரியாவைத் தணித்தது தொழிலாளியின் பொறுமையைப் புகழ்ந்த சொற்பொழிவு அன்று. மண்ணில் வெட்டப்பட்ட வடிகால் அதனைத் தணித்தது. அதற்குச் செலவிடப்பட்ட பணம் அதனைத் தணித்தது. தொழிலாளி காய்ச்சலில் விழுவதை அவனுடைய சோம்பல் என்றும் உடல்வலுவின்மை என்றும் பழித்த துரைமார் அக்காலத்தில் இருந்தனர். குற்றம் தொழிலாளியிடத்தில் இல்லை, அவன் குடியிருந்த நிலத்தில் உள்ளது என்பதை வடிகால் மெய்ப்பித்தது.

அக்காலத் தோட்டங்களில் உழைச்செல்வானாக விளங்கியவர் 'டிரெசர்'. காலைப் பிரட்டில் வரிசையாக நின்றோர்க்குக் கொயினா கொடுத்தவரும், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட்டவரும், நள்ளிரவில் பிள்ளைப்பேற்றுக்கு அழைக்கப்பட்டவரும் அவரே. பெரிய மருத்துவர் மாதத்திற்குச் சில முறை வந்து போவார். மற்ற நாளெல்லாம் டிரெசரே மருத்துவர், மருந்தாளர், தாதி. 1918ஆம் ஆண்டின் நச்சுக்காய்ச்சலிலும் தோட்டத்து நோயாளரின் அருகில் நின்றோர் இத்தகையோரே. அவர்தம் பணியை முறைப்படுத்தும் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் 1965ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்குள் தோட்டங்கள் துண்டாடப்படத் தொடங்கிவிட்டன. பின்னர் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டன. தோட்ட மருத்துவமனைகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. டிரெசரைப் பற்றிப் பேசுவோர் அவருடைய நல்ல மனத்தைப் பேசுவர், கடுகடுப்பைப் பேசுவர். அவருக்கு ஓய்வுநாள் இருந்ததா, ஓய்வூதியம் இருந்ததா என்று கேட்டவர் அரியர். உழைச்செல்வானின் பண்பை நினைவுகூர்ந்து அவனுடைய உரிமையை மறந்துவிடும் பழக்கத்தின் வேர் இதுவே.

சோர்வு எவருடைய குற்றம்?

தொற்றின் இரண்டாம் ஆண்டில் சுகாதாரப் பணியாளரின் சோர்வு வெளிப்படையாகத் தெரிந்தது. அதற்குக் கூறப்பட்ட அறிவுரைகள் பல: மூச்சுப்பயிற்சி செய்க, நல்லதை நினைக்க, மனவுறுதி கொள்க. அறிவுரைகள் தீயன அல்ல. ஆனால் அவை அனைத்தும் சோர்வைச் சோர்ந்தவரின் உடைமையாக்கி விடுகின்றன.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலேயே, அதாவது தொற்றுக்கு முன்னரே, பணிச்சோர்வினைத் தொழில்சார் நிகழ்வு என வகைப்படுத்தியது. முறையாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு அது என்றும், ஆற்றல் வற்றிப்போதல், பணியிலிருந்து மனம் விலகுதல், செய்திறன் குறைதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள் என்றும் விளக்கியது. இவ்விளக்கத்தைக் கூர்ந்து நோக்கின், சோர்வின் பிறப்பிடம் பணியாளரின் உள்ளம் அன்று, பணியிடம் என்பது வெள்ளிடைமலை. வடிகால் வெட்ட வேண்டிய இடத்தில் மனவுறுதி பேசுவது, காய்ச்சலில் விழுந்தவனைச் சோம்பேறி என்று பழித்த துரையின் கருத்தையே நயமான மொழியில் சொல்வதாகும்.

இவ்விடத்தில் தமிழ் வகுப்பறையும் தன் பங்கை உணர்தல் வேண்டும். தாதியைப் பற்றி எழுதப் பணிக்கப்பட்ட மாணவன் எழுதும் முதல் உவமை மெழுகுவர்த்தி. தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தருவது என்பான். ஆசிரியர் செம்மையால் குறியிட்டுப் பாராட்டுவார். மெழுகுவர்த்திக்குப் பணிநேரம் இல்லை, வீட்டுக்கடன் இல்லை, பள்ளிக்கு அனுப்ப வேண்டிய பிள்ளைகள் இல்லை. உருகுவதற்கென்றே வார்க்கப்பட்ட பொருளுக்கு ஒரு மனிதப் பிறவியை உவமையாக்குவது அணியிலக்கணத்தில் பிழையாகாமல் இருக்கலாம்; அறத்தில் அது பிழை. உருகுவதை அழகு என்று பத்து வயதில் கற்ற மாணவன், நாற்பது வயதில் நிர்வாகியாக அமரும்போது, தன்கீழ்ப் பணியாற்றும் தாதி உருகுவதை இயல்பு என்றே எண்ணுவான்.

சொற்களும் இதற்குத் துணைபோகின்றன. மலேசியத் தமிழர் 'தாதி' என்பர்; தமிழ்நாட்டார் 'செவிலி' என்பர். முன்னதற்குப் பணிப்பெண் என்ற பழம்பொருள் உண்டு; பின்னது அகப்பாடல்களின் வளர்ப்புத்தாயைக் குறித்தது. இரண்டுமே ஊதியத்தைப் பேசாத உறவுகள். சொற்களை மாற்றுதல் வேண்டும் என்பதில்லை. ஆனால் பணிப்பெண்ணின் பணிவையும் வளர்ப்புத்தாயின் அன்பையும் ஒருங்கே எதிர்பார்த்துவிட்டு, கல்வி பெற்றுத் தேர்வெழுதிப் பதிவு செய்துகொண்ட ஒரு தொழிலறிஞர் அவர் என்பதை மட்டும் மறப்பது நேர்மையாகாது.

மறுப்புகளும் விடைகளும்

உயிர் காக்கும் பணி தொண்டு. தொண்டில் உரிமை பேசலாமோ என்பர் ஒரு சாரார். தொண்டு என்பது ஒருவர் தாமே விரும்பித் தருவது. பிறர் கட்டளையிட்டுப் பெறும்போது அது உழைப்பு. உழைப்புக்கு விலையும் வரையறையும் உண்டு. இன்னொருவருடைய தொண்டுள்ளத்தைக் கணக்கிட்டு ஆட்பற்றாக்குறையை ஈடுகட்டும் நிர்வாகம், தொண்டைப் போற்றுவதாகாது, அதனைச் சுரண்டுவதாகும்.

நாட்டில் பணம் இல்லை என்பர் மற்றொரு சாரார். பணம் வரம்புடையது என்பது உண்மையே. ஆனால் அனுபவம் மிக்க தாதி ஒருவர் சிங்கப்பூருக்கோ அரபு நாட்டுக்கோ சென்றுவிட்டால், அவரைப் பயிற்றுவித்த செலவும் அவரோடு செல்கிறது. தக்கவைத்துக்கொள்ளாமையும் செலவே, கணக்கேட்டில் எழுதப்படாத செலவு.

தொற்றுக் காலத்தில் துன்புறாதவர் எவர் என்பது மூன்றாவது கேள்வி. நாட்கூலி இழந்தவரும், கடை மூடியவரும் துன்புற்றனர். கட்டுப்பாட்டுக் காலத்திலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் உழைத்த வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளரும் துன்புற்றனர். அவர்களுடைய துன்பத்தைக் குறைத்து மதிப்பிட எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் ஒருவர் துன்பத்தைக் காட்டி மற்றொருவர் வாயை அடைப்பது, இருவருக்கும் தீர்வு தராதிருக்க விரும்புவோரின் உத்தி. நெருக்கடியில் தொழிலாளியைப் 'இன்றியமையாதவர்' என்று அழைத்து, நெருக்கடி தீர்ந்ததும் மறந்துவிடும் வழக்கம் தோட்டத்துக்கும் மருத்துவமனைக்கும் பொதுவானது. ஆகவே இருசாராரின் வழக்கும் ஒரே வழக்கு.

அணை உடைந்த ஊர்

அம்பாங் பெச்சா என்னும் ஊர்ப்பெயரே ஒரு பாடம். மலாய் மொழியில் 'அம்பாங்' என்பது அணை. 'பெச்சா' என்பது உடைந்தது. 1883ஆம் ஆண்டு கோலகுபுவுக்கு மேலே இருந்த பழைய அணை பெருமழையில் உடைந்தது. வெள்ளம் ஊரை அழித்தது. மாவட்ட நிர்வாகியாயிருந்த ஆங்கிலேயர் செசில் ரேங்கிங் உள்ளிட்ட பலர் மாண்டனர். அந்த ஆங்கிலேயர் வெள்ளை முதலையைச் சுட்டதால் வந்த சாபம் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் கதை. அதன் பின்னரும் வெள்ளம் ஓயவில்லை. கடைசியில் ஊரையே மேட்டுநிலத்துக்கு மாற்றிக் கோலகுபு பாரு என்னும் புதிய நகரைத் திட்டமிட்டு அமைக்க வேண்டியதாயிற்று.

உடைந்த அணைக்கு முதலையைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அணை உடைவது முதலையால் அன்று; நீரின் சுமை கூடிக்கொண்டே போக, கரையை எவரும் பேணாமையால் உடைகிறது. தாங்கிக்கொண்டிருக்கும் அணையை எவரும் நோக்குவதில்லை. அது தாங்குவதே அதற்கு வலுவுண்டு என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் நாட்டின் மருத்துவப் பணியாளர் அவ்வாறே தாங்கினர். அவர்கள் தாங்கினர் என்பதையே காட்டி, இன்னும் தாங்குவர் என்று முடிவு கட்டுவது பேதைமை. 2024ஆம் ஆண்டில் வார்டுத் தாதியரின் வாரப் பணிநேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக உயர்த்தும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் ஒத்திவைக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளுக்கு முன் எவர் கைகளை நாடு வணங்கியதோ அவர் தோள்மீது மேலும் மூன்று மணி நேரத்தை ஏற்றலாம் என்று ஓர் அலுவலகத்தில் எண்ணம் தோன்றிற்று எனின், வணக்கத்தின் ஆயுள் எத்துணை என்பது விளங்கும்.

அடங்கிய நம்பிக்கை

எனினும் இருளை மட்டும் காட்டுவது உண்மைக்கு மாறாகும். 2021 பிப்ரவரி 24ஆம் நாள் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அக்டோபர் 10ஆம் நாளுக்குள் வயதுவந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முழுமையாகத் தடுப்பூசி பெற்றனர்; மறுநாளே மாநில எல்லைகள் திறந்தன. ஊசியேற்றிய கை தாதியின் கை. தான் நேற்று இழந்த நோயாளியைப் போல் மற்றொருவரை நாளை இழக்க வேண்டியதில்லை என்பதை ஒவ்வோர் ஊசியிலும் அவள் கண்டாள். அவளுடைய நம்பிக்கை ஆரவாரமற்றது. வார்டின் கட்டில்கள் ஒவ்வொன்றாய்க் காலியாவதை எண்ணி எண்ணி வளர்ந்தது. மீண்டும் ஓர் அலை வரக்கூடும் என்பதை மறவாத நம்பிக்கை அது.

உரிமைக்குரலும் முற்றிலும் வீண்போகவில்லை. 2022, 2023ஆம் ஆண்டுகளில் ஒப்பந்த அதிகாரிகள் சில ஆயிரம் பேர் நிரந்தரப் பணி பெற்றனர். 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் மருத்துவர்களின் அழைப்புப் பணிக்கான படி உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இவை கைதட்டலால் வந்தவை அல்ல, கேட்டதால் வந்தவை.

சுங்கை பூலோ என்னும் இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1930ஆம் ஆண்டில் அங்குத் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. உலகம் ஒதுக்கியவரை வைத்த அவ்விடம் பின்னாளில் 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்று பெயர் பெற்றது. அங்கு நோயாளருள் பலர் தாமே உழைச்செல்வாராகித் தம்மினும் நலிந்தோரைப் பேணினர். ஆனால் அங்கு நோயை வென்றது பேணியவரின் அன்பு மட்டும் அன்று. மருந்து வந்தது, ஆய்வு நடந்தது, வீடும் தோட்டமும் பள்ளியும் கட்டித் தரப்பட்டன. அன்பும் அமைப்பும் கூடிய இடத்திலேயே நம்பிக்கை என்னும் பெயர் பொருளுடையதாயிற்று.

ஆகவே தமிழாசிரியர் இனி வகுப்பில் அந்தக் குறளை விளக்கும்போது, உழைச்செல்வானின் நான்கு இயல்புகளோடு நிறுத்திக்கொள்ளலாகாது. அவனுக்கு உரிய நான்கினையும் மாணவரைக் கொண்டே வகுக்கச் செய்தல் வேண்டும். பணியில் உறுதி, சுமைக்கு ஏற்ற ஆள்பலம், போதிய ஓய்வு, குறையை அச்சமின்றி எடுத்துரைக்கும் உரிமை என்று அவர்கள் எழுதட்டும். வேறு எழுதினும் எழுதட்டும். மெழுகுவர்த்தியை விட்டுவிட்டுப் பணிநேர அட்டவணையைப் பற்றி ஒரு மாணவி கட்டுரை எழுதுவாளாயின், அதற்கும் செம்மையால் பாராட்டுக் குறியிடும் துணிவு ஆசிரியர்க்கு வேண்டும். அடுத்த தொற்று வரும் நாளை எவரும் அறியார். அந்நாளில் நோயாளியின் அருகில் நிற்கப் போகின்றவர் இன்று அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருள் ஒருவராகவும் இருக்கலாம். அவருக்குக் கைதட்டக் கற்றுக்கொடுப்பது எளிது. அவருடைய கரையைப் பேணக் கற்றுக்கொடுப்பதே கல்வி.